பின்சில்லின் கோணல்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவர் பழமொழி. தன் குறையை மறைத்துப் பிறிதொன்றின்மேற் பழிபோடுவோரைச் சுட்டுவதற்கு இதனை நாம் எடுத்தாளுகிறோம். ஆனால், நேயர்களே, கூடம் உண்மையாகவே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஆடினவளைப் பழிப்பதா, கூடத்தை அளந்து பார்ப்பதா? அண்மையில் எங்கள் குடும்பத்தில் எழுந்த வழக்கு இத்தகையதே. வழக்குக்கு உட்பட்டது ஒரு சிறிய மோட்டார் வண்டி. ஆடினவன் என் மருமகன். குற்றஞ் சாட்டியவள் அவனைப் பெற்றவளாகிய என் தங்கை.

வண்டி எங்கள் தந்தையாருடையது. 1960ஆம் ஆண்டின் 'மினி'. அவர் மறைந்த பின் அது தங்கை வீட்டுக் கொட்டிலில், தேங்காய்க் குவியலுக்கும் பழைய கதிரைகளுக்கும் நடுவே பல்லாண்டு உறங்கிக் கிடந்தது. பொறியியல் பயிலும் மருமகன் அதனைத் துயிலெழுப்பினான். எழுப்பியதோடு நின்றானா? இக்கால இளைஞரின் இயல்புக்கேற்ப அதற்குப் புதுக்கோலமும் பூட்டினான். வண்டியின் உடலை நிலத்தை நோக்கித் தாழ்த்தினான். மூன்றரை அங்குல அகலமுள்ள பழைய றிம்முகளைக் கழற்றி, ஆறு அங்குல அகலமுள்ளவற்றை மாட்டினான். பின்சில்லின் சாய்வை மாற்றக்கூடிய புதுத் தாங்குதகடுகளையும் வருவித்துப் பொருத்தினான். பார்ப்பதற்கு வண்டி மிக அழகாகவே இருந்தது.

ஒரு மழைநாளில் தாயும் மகனும் கண்டியிலிருந்து அவ்வண்டியில் இறங்கி வந்தார்கள். கடுகண்ணாவைச் சரிவில் இடப்பக்கமாகத் திரும்பும் வளைவொன்றில் வண்டியின் பின்புறம் வெளிப்புறமாக வழுக்கியது. பையன் திடுக்கிட்டு, முடுக்கியிலிருந்து காலை எடுத்தான். அவ்வளவுதான்; வண்டி வீதிக்குக் குறுக்கே திரும்பி நின்றது. எதிரே ஏறி வந்த லொறி சில அடி தூரத்தில் நின்றுவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஆயினும் அன்றிரவு தங்கை என்னிடம் தொலைபேசியிற் கூறிய வார்த்தைகள் திடமானவை: "அண்ணா, அப்பா ஓடின கார் எண்டு பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. நாளைக்கே வித்துப்போடுங்கோ."

மறுநாள் மருமகன் வந்தான். முகம் வாடியிருந்தது. தன்மேற் குற்றமில்லை என்று அவன் வாதாடவில்லை; வேகமாக ஓட்டியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பேச்சினூடே அவன் கூறிய இரண்டு செய்திகள் என் காதில் விழுந்தன.

"மாமா, வலப்பக்க வளைவிலை வண்டி சொன்னபடி கேட்கும். இடப்பக்கம் திரும்பினால்தான் பின்பக்கம் என்னை விட்டுட்டுப் போகப் பார்க்குது. நேர்வீதியிலையும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் சரிச்சுத்தான் பிடிக்கவேணும்."

"அலைன்மென்ற் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பார்த்தனான் மாமா. கராஜிலை சரியெண்டு கடுதாசியும் தந்தவை."

கடுதாசியை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தவை யாவும் முன்சில்லுகளின் அளவுகள். பின்சில்லுகளை ஒருவரும் அளக்கவில்லை. அளக்கும்படி ஒருவரும் கேட்கவுமில்லை. ஆகவே கராஜ்காரரைக் குறை கூறுவதற்கில்லை. வண்டியை விற்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையை எனக்குத் தரும்படி தங்கையைக் கேட்டுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை இரண்டாகியது. அந்த இரு நாளில் நாங்கள் செய்ததை இவ்வாரம் நேயர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வண்டியின் வரலாறு

முதலில் இவ்வண்டியின் பிறப்பைச் சற்றே அறிந்துகொள்வோம். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி எழுந்தபோது பிரித்தானியாவிற் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. குறைந்த எண்ணெயில் நால்வரைச் சுமக்கும் சிறுவண்டி ஒன்றை ஆக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரை வகுத்தவரும் இவரே. 1959ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி மினி உலகுக்கு அறிமுகமாயிற்று. வண்டியின் மொத்த நீளம் பத்து அடியளவே. சில்லுகளோ பத்து அங்குல விட்டமுடையவை. எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சில்லுகளையே அது சுழற்றும்படி செய்தமையால், உள்ளே மனிதருக்கு இடம் கிடைத்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டப் போட்டியில் இச்சிறுவண்டி பெருவண்டிகளை வென்றது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் உற்பத்தி நின்றபோது ஏறக்குறைய 53 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன.

எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னே இருப்பதால் வண்டியின் எடையிற் பெரும்பகுதி முன்சில்லுகளின்மேற் கிடக்கிறது. பின்புறம் இலேசானது. இலேசாக இருப்பது எளிதில் வழுக்கும். இதனை மனத்தில் இருத்திக்கொள்க.

பின்சில்லின் அமைப்பு மிக எளிது. ஒவ்வொரு பின்சில்லும் ஓர் இரும்புக் கையின் நுனியிற் பூட்டப்பட்டிருக்கிறது. வண்டிற்காரன் பிடித்த கயிற்றின் பின்னே மாடு வருவதுபோல இக்கை, குறுக்கே கிடக்கும் ஒரு தண்டிலிருந்து பின்னோக்கி நீண்டு, சில்லை இழுத்துச் செல்கிறது. தண்டின் உள்முனையை வண்டியின் பின்சட்டம் பிடித்திருக்கிறது. வெளிமுனையைச் சட்டத்தில் முடுக்கப்பட்ட ஒரு தாங்குதகடு பிடித்திருக்கிறது. கை மேலுங் கீழும் ஆடும்போது, அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த இறப்பர்க் கூம்பு ஒன்று நசிந்து விரிந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது.

ஆகவே தண்டு எவ்வாறு கிடக்கிறதோ அவ்வாறே சில்லும் நிற்கும். உள்முனை அசையாதது, வெளிமுனையை நகர்த்தினால் சில்லின் நோக்கு மாறும். இவ்வொரு உண்மையே நம் வேலைக்கெல்லாம் திறவுகோல்.

நோக்கும் சாய்வும்

சில்லு நிற்கும் நிலையை இரண்டு அளவுகளால் அறியலாம். ஒன்று நோக்கு. வண்டியை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்க. சில்லின் முன்விளிம்பு வண்டியின் நடுக்கோட்டை நோக்கிச் சற்றே திரும்பியிருந்தால் அதனை உள்நோக்கு என்போம். விலகித் திரும்பியிருந்தால் வெளிநோக்கு. கராஜில் இவற்றை 'டோ-இன்', 'டோ-அவுட்' என்பர். மற்றது சாய்வு, இதனைக் 'காம்பர்' என்பர். வண்டியைப் பின்னால் நின்று பார்க்கும்போது சில்லின் உச்சி உட்புறம் சாய்ந்திருந்தால் உட்சாய்வு. வெளிப்புறம் சாய்ந்திருந்தால் வெளிச்சாய்வு.

தண்டின் வெளிமுனையை முன்னோக்கி நகர்த்தினால் உள்நோக்கு மிகும்; பின்னோக்கி நகர்த்தினால் வெளிநோக்கு உண்டாகும். வெளிமுனையை உயர்த்தினால் உட்சாய்வு, தாழ்த்தினால் வெளிச்சாய்வு. ஐயமுள்ள மாணவர் ஒரு பென்சிலைத் தண்டாகவும், அதன் நுனியிற் குத்திய வட்டமான அட்டையைச் சில்லாகவும் கொண்டு மேசைமேற் செய்து பார்க்கலாம்.

பின்சில்லுகளுக்குச் சிறிது உள்நோக்கு வேண்டும். ஏன்? வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் எடை வெளிப்புறமாகிய வலச்சில்லின்மேற் சாய்கிறது. அச்சில்லு உள்நோக்கி நின்றால், அது வண்டியின் பின்புறத்தை வளைவின் உட்புறம் நோக்கியே தள்ளும், பின்புறம் வழுவாது. அதே சில்லு வெளிநோக்கி நின்றாலோ, எடை கூடக்கூட அது பின்புறத்தை வளைவுக்கு வெளியே கொண்டோடும். அவ்வேளை ஓட்டுநர் பயந்து முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னோக்கிப் பெயர, ஏற்கனவே இலேசான பின்புறம் பின்னும் இலேசாகிறது. பிடி முற்றாக விட்டுப்போகிறது. கடுகண்ணாவைச் சரிவில் நடந்தது இதுவே என்று நான் ஐயுற்றேன். இடவளைவில் மட்டும் வழுக்குகிறது என்பதால் வலச்சில்லிற்றான் குற்றம் இருக்கவேண்டும். ஆனால் ஐயம் வேறு, அளவு வேறு. அளக்காமல் தீர்ப்புக் கூறலாகாது.

அளப்பதற்கு முன்

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் மேசன்மாரிடம் உள்ளவையே: தூக்குக்குண்டு ஒன்று, நீண்ட மெல்லிய நைலோன் நூல், நீர்மட்டம் பார்க்கும் தெளிந்த குழாய், மில்லிமீற்றர் அடையாளமிட்ட இரும்பு அடிமட்டம். இவற்றோடு ஜக், உறுதியான இரும்புத் தாங்கிகள், ஸ்பானர்கள்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஜக்கின்மேல் மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் ஒருபோதும் உடலை நுழைக்கலாகாது. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தாங்கிகளில் இருத்தி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே வேலை தொடங்கவேண்டும். பிள்ளைகள் இவ்வேலையைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது முறை.

முதலில் தேய்மானத்தைப் பார்த்தோம். பின்சில்லை உயர்த்தி, அதன் மேலும் கீழும் பிடித்து உலுப்பினோம். பின் முன்னும் பின்னும் பிடித்து உலுப்பினோம். இடச்சில்லு அசையவில்லை. வலச்சில்லு "டக், டக்" என்றது. சில்லின் தாங்கிதான் தேய்ந்ததோ என்று பார்த்தால், சில்லோடு கையுஞ் சேர்ந்து ஆடியது. ஆகவே தேய்மானம் கையின் தண்டிலேயே இருந்தது. மினியின் கையில் ஒருபுறம் ஊசியுருளைத் தாங்கியும், மறுபுறம் வெண்கலப் புஷ்ஷும் உண்டு. இவற்றுக்குக் காலந்தோறும் கிறீஸ் ஊட்டவேண்டும். கொட்டிலில் உறங்கிய காலத்தில் யார் கிறீஸ் ஊட்டினார்? தண்டையும் புஷ்ஷையும் மாற்றுவதென்று முடிவுசெய்தோம். புதுப்புஷ்ஷை அடித்து ஏற்றினாற் போதாது; தண்டுக்கேற்ற அளவுக்கு அதன் உள்வாயைச் சீவி எடுக்கவேண்டும். அது கடைசல் பட்டறை வேலை. இதனாலேயே முதலாஞ் சனிக்கிழமை அவ்வளவோடு கழிந்தது.

பின்சட்டத்தின் துருவையும் சோதித்தோம். மினியின் பின்சட்டம் துருவுக்குப் பேர்போனது. தாங்குதகடு பூட்டும் இடம் துருவி இற்றிருந்தால், அதன்மேல் எத்தனை நுட்பமாக அளந்து பூட்டினாலும் பயனில்லை, சட்டத்தையே மாற்றவேண்டும். நல்லகாலமாகத் தந்தையார் ஆண்டுதோறும் அடிப்பாகத்துக்கு எண்ணெய் பூசுவித்திருந்தார். சிறு ஸ்பானரால் தட்டிய இடமெல்லாம் கணீரென்றது.

இரண்டாஞ் சனிக்கிழமை

வரிசை முக்கியம். முதலில் உயரம், அடுத்துச் சாய்வு, இறுதியில் நோக்கு. ஏனெனில் சாய்ந்து கிடக்கும் தண்டில் ஆடும் கை, மேலோ கீழோ போகும்போது சில்லின் நோக்கையும் சிறிது மாற்றும். ஆகவே உயரத்தைப் பின்னால் மாற்றினால், முன்னே செய்த வேலை வீணாகும்.

நீர்க்குழாயைக் கொண்டு நான்கு சில்லுகளும் நிற்கும் இடங்களை மட்டம் பார்த்தோம். ஒரு மூலை தாழ்ந்திருந்தது. ஓட்டுத் துண்டுகளை வைத்துச் சமன்செய்தோம். ஒவ்வொரு பின்சில்லின் கீழும் இரண்டு தகரத் துண்டுகளை, நடுவே கிறீஸ் பூசி வைத்தோம். சில்லு தன் இயல்பான நிலைக்குத் தடையின்றி வழுகிச் செல்வதற்கே இவ்வேற்பாடு. ரயர்களின் காற்றைச் சமப்படுத்தினோம். மருமகனின் எடைக்கு ஈடாக அரிசி மூட்டைகளை ஓட்டுநர் இருக்கையில் வைத்தோம். அரிசியை எடுத்துக் கொடுத்த தங்கை, "காருக்கும் சோறு போடுறியளோ?" என்று கேட்டாள். கோபம் தணிந்ததன் முதல் அறிகுறி அதுவென்று கொண்டேன்.

பின், உயரம். சில்லின் மையத்திலிருந்து மேலேயுள்ள வளைவு விளிம்பு வரை இருபுறமும் அளந்தோம். வலப்புறம் 9 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. இறப்பர்க் கூம்புக்கும் கைக்கும் நடுவே ஊதுகுழல் வடிவான ஒரு தாங்குகுழல் உண்டு. மருமகன் பொருத்தியது நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய வகை. அதனைத் திருகி இருபுறமும் சமமாக்கினோம்.

அடுத்து, சாய்வு. தூக்குக்குண்டைச் சில்லின் முன்னே தொங்கவிட்டு, நூலிலிருந்து றிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்தோம். ரயரில் அளக்கலாகாது; கீழ்ப்புறம் அது பிதுங்கியிருக்கும். பத்து அங்குலச் சில்லின் றிம் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 280 மில்லிமீற்றர். ஆகவே ஒரு பாகைச் சாய்வுக்கு மேலளவும் கீழளவும் ஏறத்தாழ 4.9 மில்லிமீற்றர் வேறுபடும். இதனைத் திரிகோணகணிதம் பயிலும் மாணவர் தாமே கணித்துக்கொள்ளலாம். றிம் சிறிது வளைந்திருத்தலுங் கூடும். அதனால் ஒருமுறை அளந்து, சில்லை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடியும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தோம்.

வலச்சில்லில் 2 பாகை உட்சாய்வு; இடச்சில்லில் முக்காற் பாகை. மருமகன் தலையைச் சொறிந்தான். இருபுறமும் ஒரே துவாரத்திற் பூட்டியதாக அவன் எண்ணியிருந்தான்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மினியின் பின்சில்லுகள் ஏறக்குறைய ஒரு பாகை வெளிச்சாய்வு உடையவை. ஒடுங்கிய பழைய ரயர்களுக்கு அது பொருந்தும். அகன்ற தட்டையான இக்கால ரயருக்கு அது பொருந்தாது. இவ்வமைப்பில் வண்டியின் உடல் வளைவில் எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு சில்லும் சரியும். முன்கூட்டியே சிறிது உட்சாய்வு கொடுத்துவைத்தால், வளைவில் வெளிச்சில்லு நிமிர்ந்து நிற்கும். அகன்ற ரயர் முழுவதும் வீதியைத் தொடும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் நேர்வீதியில் ரயரின் உள்விளிம்பு மட்டுமே வீதியைத் தொட்டுத் தேயும். பிறேக் பிடிக்கும்போது பிடியும் குறையும். அன்றாடம் வீதியில் ஓடும் வண்டிக்கு அரைப் பாகை முதல் ஒன்றரைப் பாகை வரையுள்ள உட்சாய்வு போதும். நாங்கள் இருபுறமும் ஒரு பாகை என்று வகுத்துக்கொண்டு, வலப்புறத்து வெளிமுனையைத் தாழ்த்தியும் இடப்புறத்ததைச் சற்று உயர்த்தியும் சரிசெய்தோம்.

நூல் சொன்ன தீர்ப்பு

சாய்வைத் திருத்தப் புகுமுன்னரே, பழைய நிலையில் நோக்கையும் ஒருமுறை அளந்து குறித்துவைத்திருந்தோம். நோயை எழுதாமல் மருந்து கொடுத்தால் பின்னர் எதனாற் குணமாயிற்று என்று அறிய இயலாது அல்லவா?

வண்டியின் முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு நேரான குழாயை நிறுத்தி, இரண்டிலும் ஒரே அகலத்தில் வெட்டுக் குறியிட்டு, இருபுறமும் நூல் கட்டினோம். நூல்கள் சில்லின் மைய உயரத்தில் இருக்கவேண்டும். முன்சில்லுகளின் மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் ஒத்திருக்கவேண்டும், பின்சில்லுகளிலும் அவ்வாறே. முன்னளவும் பின்னளவும் தம்முள் ஒத்திருக்க வேண்டியதில்லை. மினியின் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட அகன்று நிற்பவை. இதனை அறியாது நூலைச் சில்லுகளோடு ஒட்டி இழுத்து அளப்போர் பிழைபடுவர். குழாய்களை அங்குமிங்கும் நகர்த்தி நூல்களை வண்டியின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக்க எங்களுக்கு அரைமணி நேரம் சென்றது. வேலையிற் பொறுமை வேண்டிய பகுதி இதுவே.

பின், நூலிலிருந்து றிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்தோம். முன்னளவு கூடினால் உள்நோக்கு; குறைந்தால் வெளிநோக்கு. இடச்சில்லு 2 மில்லிமீற்றர் உள்நோக்கி நின்றது. வலச்சில்லோ 5 மில்லிமீற்றர் வெளிநோக்கி நின்றது!

இதன் பொருள் என்ன? இடச்சில்லு உள்நோக்கினால் அது பார்ப்பது வலப்பக்கம். வலச்சில்லு வெளிநோக்கினால் அது பார்ப்பதும் வலப்பக்கமே. ஆக, இரு பின்சில்லுகளும் ஒத்துப்பேசி வண்டியின் பின்புறத்தை வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. வண்டி நண்டுபோல ஒருபுறம் சாய்ந்து நடந்தது. அதனை நேரே செலுத்த முன்சில்லுகளையும் வலப்பக்கம் திருப்பவேண்டியிருந்தது. நேர்வீதியிலும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சரித்துப் பிடிக்கவேண்டியிருந்ததன் காரணம் இதுவே. வலவளைவில் எடையைத் தாங்கும் இடச்சில்லு உள்நோக்கியிருந்தமையால் வண்டி சொன்னபடி கேட்டது. இடவளைவில் எடையைத் தாங்கும் வலச்சில்லு வெளிநோக்கியிருந்தமையால் பின்புறம் ஓடிப்போயிற்று. பையன் முதல்நாட் கூறிய இரண்டு செய்திகளும் நூலில் அப்படியே எழுதப்பட்டிருந்தன.

ஐந்து மில்லிமீற்றர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 280 மில்லிமீற்றரில் 5 மில்லிமீற்றர் கோணிய சில்லு நடுக்கோட்டின் திசையிலேயே இழுபடுமானால், வண்டி ஒரு கிலோமீற்றர் ஓடும்போது அச்சில்லு ஏறக்குறைய 18 மீற்றர் பக்கவாட்டில் அரைபடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கு போய்ச் சேர்வதற்குள் அந்த ரயர் ஏழு கிலோமீற்றருக்கு மேல் குறுக்கே இழுபட்டிருக்கும். ரயரின் ஓரம் சீவினாற்போல் தேய்ந்திருந்ததைத் தடவிப் பார்த்தபோது மருமகன் ஒன்றும் பேசவில்லை.

இன்னுமொன்று. இரு சில்லுகளையும் சேர்த்து மட்டும் அளப்போர் உளர். ஒருபுறம் 4 மில்லிமீற்றர் உள்நோக்கும் மறுபுறம் 1 மில்லிமீற்றர் வெளிநோக்கும் இருந்தால், கூட்டுத்தொகை 3 மில்லிமீற்றர் உள்நோக்கு என்று அழகாக வரும்; வண்டியோ நண்டு நடையே நடக்கும். ஆகையால் ஒவ்வொரு சில்லையும் நடுக்கோட்டிலிருந்து தனித்தனியே அளக்கவேண்டும்.

திருத்தம்

தொழிற்சாலை வகுத்த அளவு, பின்சில்லுகள் இரண்டுக்குஞ் சேர்த்து அங்குலத்தில் எட்டிலொரு பங்கு உள்நோக்கு, ஏறக்குறைய 3.2 மில்லிமீற்றர். அதாவது சில்லொன்றுக்கு 1.6. நாங்களும் அதனையே குறிக்கோளாகக் கொண்டோம். வேகப் போட்டிக்காரர் இதனைக் குறைப்பதுண்டு; வண்டி விரைந்து திரும்பும் என்பது அவர்கள் கருத்து. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது வேண்டாம்.

தாங்குதகட்டைத் தளர்த்தி, அதற்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தகடுகளை இடுவதாலோ எடுப்பதாலோ தண்டின் வெளிமுனை நகரும். எவ்வளவு தகட்டுக்கு எவ்வளவு நோக்கு மாறும் என்று ஊகிக்க வேண்டாம். அறிந்த தடிப்புள்ள ஒரு தகட்டை மாற்றி அளந்தால், எந்தப் பக்கம் மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்பது தெரிந்துவிடும். எஞ்சியது பங்கீட்டுக் கணக்கே. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் போல்ற்றுகளை இறுக்கி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பின்புறத்தை அமுக்கிவிட்டு மறுபடியும் அளந்தோம். ஜக்கிலிருந்து இறக்கியவுடன் அளக்கும் அளவு பொய்யளவு. ஏழாம் முறை அளந்தபோது இருபுறமும் 1.6 மில்லிமீற்றருக்கு மிக அண்மையில் வந்தன. சாய்வை மீண்டும் பார்த்தோம், மாறியிருக்கவில்லை.

எல்லாப் போல்ற்றுகளையும் வண்டியின் கைந்நூலில் உள்ள அளவுக்கு இறுக்கினோம். கைப்பிறேக் கம்பியும் பிறேக் குழாய்களும் அகன்ற சில்லிலோ கையிலோ உரசாதிருப்பதைப் பார்த்தோம். அதன் பின்னரே முன்சில்லுகளைத் தொட்டோம். பின்சில்லுகள் வழிகாட்ட முன்சில்லுகள் செல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பின்புறம் நேரானாலன்றி ஸ்டியரிங்கின் நடுவை நிர்ணயிக்க இயலாது. முன்சில்லுகளுக்கு அங்குலத்திற் பதினாறிலொரு பங்கு வெளிநோக்கு வைப்பது மினியின் முறை. எஞ்சின் இழுக்கும்போது அவை தாமே உள்நோக்கி வந்து நேராகிவிடும்.

இவ்வளவையும் இக்காலக் கணினிப் பொறி ஒருமணி நேரத்திற் செய்யும். வசதியுள்ளோர் அதனையே நாடலாம். ஆனால் போகும்போது, "நான்கு சில்லுகளையும் பாருங்கள், பின்சில்லுகளைத் தனித்தனியே பாருங்கள்" என்று வாய்திறந்து கேட்கவேண்டும். வண்டியிற் செய்த மாற்றங்களையும் கூறவேண்டும். பொறிக்குத் தெரிந்தது தொழிற்சாலை அளவு மட்டுமே. உங்கள் பிள்ளை மாற்றியது அதற்குத் தெரியாது.

முடிவு

ஞாயிறு காலை, வாகன நடமாட்டம் இல்லாத வீதியொன்றில் முதலில் நானும் மருமகனும் மெதுவாக ஓடிப் பார்த்தோம். ஸ்டியரிங் நேராக நின்றது. இடவளைவும் வலவளைவும் ஒன்றுபோலவே இருந்தன. அடுத்து மழை பெய்த ஒரு மாலையில் மீண்டும் ஓடிப் பார்த்தோம். திரும்பி வந்து, அளவுகள் குறித்த தாளைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் எண்களைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, "அப்ப, பிழை உன்ர ஓட்டத்திலை இல்லையோ?" என்று கேட்டாள்.

அவன் கூறிய விடைதான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. "ஓட்டத்திலை இல்லை அம்மா, பூட்டினதிலை. அளக்காமல் பூட்டினது நான்தானே" என்றான்.

கூடம் கோணல்தான், ஆனால் கூடத்தைக் கட்டினவனும் ஆடினவனே. அதனை அவன் தானே ஒப்புக்கொண்டான். வண்டியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. போன வெள்ளிக்கிழமை தங்கை கோயிலுக்கு அதிலேதான் போய்வந்தாள். முன்னிருக்கையில், கைப்பிடியை இறுகப் பிடித்தபடி. அந்தப் பிடி தளர இன்னும் சில நாட் செல்லும். அதனை அளக்க நூல் இல்லை.

பழைய வண்டிகளுக்குப் புதுக்கோலம் பூட்டும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றுவது குற்றமன்று; மாற்றியதை அளக்காமல் அன்னையை ஏற்றிச் செல்வதே குற்றம். ஓட்டும்போது நம் கண்ணிற் படுவது முன்சில்லின் போக்கே. பின்சில்லு நம் முதுகுக்குப் பின்னே கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு நூலும் தூக்குக்குண்டும் வாங்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு ரயரின் விலைக்கு எத்தனையோ பங்கு குறைவு.